ஓடையில் தங்கமும் ஈயமும்: எது எங்கே தங்கும்?

கோலாலம்பூரில் வளர்ந்த நமக்கு ஈயக்குட்டை, அதாவது வெள்ளீயம் தோண்டிய பள்ளம், புதிதில்லை. 1857-இல் அம்பாங் பக்கம் ஈயம் தேடிப் போனவர்களால்தான் இந்த ஊரே எழுந்தது. அதனால் ஓடைத் தங்கத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், "ஈயம் மாதிரிதானே, கனமானது அடியில் தங்கிவிடும்" என்று முடித்துவிடுகிறோம். அது பாதிதான் சரி.

பிறந்த இடமே வேறு. ஈயம் தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கல்லோடு வந்தது. தங்கமோ மலைக்கு அந்தப் பக்கம், பகாங்கின் ரவுப் வட்டாரத்தில், களிப்பாறைகளுக்குள் ஓடும் குவார்ட்ஸ் என்ற வெள்ளைக்கல் நரம்புகளில் இருக்கிறது.

அடுத்து எடை. மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ். அதன் அடர்த்தி தண்ணீரைப்போல் 2.65 மடங்கு. ஈயத்தின் தாதுவான ஈயக்கல்லுக்கு ஏறக்குறைய 7, தூய தங்கத்துக்கு 19.3. தண்ணீர் தூக்கிக்கொடுப்பதைக் கழித்துப் பார்த்தால், அதே அளவு குவார்ட்ஸ் மணியைவிட ஈயக்கல் மூன்றரை மடங்கு கனம், தங்கம் 11 மடங்கு. இந்தக் கணக்கை மட்டும் நம்பினால் தங்கம் நரம்பின் காலடியிலேயே கிடக்க வேண்டும். அப்படிக் கிடப்பதில்லை.

காரணம் மணியின் குணம். ஈயக்கல் கடினமானது, ஆனால் நொறுங்கும். உருள உருளப் பொடியாகி வெள்ளத்தோடு போய்விடும். எனவே நல்ல படிவுகள் தாய்ப்பாறைக்குச் சில கிலோமீட்டருக்குள்ளேயே அமைகின்றன. தங்கம் நொறுங்காது. கூழாங்கற்கள் அடிக்க அடிக்கத் தட்டையாகும். மெல்லிய தகடாகிவிட்டால், அத்தனை கனம் இருந்தும் உதிர்ந்த இலைபோல அலைந்து அலைந்துதான் இறங்கும். மாவு போன்ற துகள் நீர்ப்பரப்பில் மிதந்தே போய்விடும். அதனால் கரடுமுரடான மணி கிடைத்தால் நரம்பு பக்கத்தில் இருக்கிறது என்று நினைக்கலாம். வழவழப்பான தகடு என்றால் இன்னும் மேலே ஏற வேண்டும்.

ஆனாலும் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது ஓடையின் தரைதான். கோலாலம்பூருக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் அதைக் கரைத்துக் கரைத்துக் கூர்முனைகளும் ஆழமான பிளவுகளுமாக ஆக்கியிருக்கிறது. அந்தப் பிளவுகளில் ஈயச் சரளை அடைந்து கிடந்தது. சரளைப் படுகையின் தடிமனும் அதிகம் என்பதால் மொத்தமாகத் தோண்டிக் கழுவினாலே கட்டுப்படியானது. சிறு ஓடைத் தங்கத்துக்கு அந்த வசதி கிடையாது. பெருவெள்ளத்தில் சரளை முழுவதும் நகரும்போது, கற்களின் இடைவெளி வழியே தங்கம் கீழிறங்கி, அடிப்பாறையை ஒட்டிய மெல்லிய அடுக்கில் சேரும். களிப்பாறையின் அடுக்குகள் ஓட்டத்துக்குக் குறுக்கே விளிம்பு நீட்டி நின்றால், ஒவ்வொரு விளிம்பும் ஒரு தடுப்புக்கட்டை. ஈய லம்பத்தில், அதாவது சுரங்கத்தில், பாலோங் என்ற சரிவான கழுவு தொட்டியில் குறுக்கே பலகை அடித்ததும் இதே வேலைக்குத்தான்.

வளைவின் உட்புற மணல்திட்டையும் பலர் நாடுவார்கள். அங்கே ஓட்டம் தளர்வதால் தங்கம் விழும், உண்மைதான். ஆனால் பெரும்பாலும் நுண்துகள்தான். அடுத்த வெள்ளத்தில் இடம் மாறிவிடும். நான் பாறைப் பிளவைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஒரு எச்சரிக்கை: கெட்டியான களிமண் படுகை பொய்த்தரையாக நின்று தங்கத்தை மேலேயே பிடித்துக்கொள்ளலாம். பாறை வரவில்லையே என்று அதை அவசரமாக வாரி வீசிவிடக் கூடாது.

அப்புறம் கழுவுவது. எங்கள் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி இளமையில் டூலாங் என்ற மரத்தட்டில் ஈயம் கழுவியவர். தட்டின் அடியில் கருப்பு நின்றால் அவருக்கு அன்றைய வரும்படி கைக்கு வந்தது என்று அர்த்தம், ஈயக்கல்லே கருப்புதானே. தங்கத் தட்டில் நிற்கும் கருமணலோ, மேக்னடைட், இல்மனைட் என்ற இரும்புக் கனிமங்களாக, வெறும் துணை. அதைக் கண்டு நிறுத்திவிடக் கூடாது, அள்ளி எறியவும் கூடாது. தட்டை லேசாகச் சுழற்றிக்கொண்டே இருந்தால் கருமணல் முன்னே நகர, மஞ்சள் பின்தங்கி வாலாக நிற்கும்.