ஏ2 ட்ராயிங் போர்டில் அறை வரைவது: நீண்ட காலம் பயன்படுத்திய பிறகு

என் ஏ2 போர்டில் ஒயரில் மேலும் கீழும் ஓடும் நீளமான கிடைச்சட்டம்தான் பேரலல் பார். அதன் ஒயர் அறுந்து, புதிதாகக் கோத்து, பார் மறுபடி ஓட ஆரம்பித்த அதே வாரத்தில் இன்டீரியர் டிசைன் படிக்கும் ஒரு தம்பி கேட்டான்: "அக்கா, ஏ2 போர்டு விலை குறைஞ்சிருக்கு. ஒன்-பாயிண்ட் பெர்ஸ்பெக்டிவ்ல ரூம் வரையத்தான். வாங்கிடலாமா?" ஒரு வார்த்தையில் பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். போர்டின் எடை, ஸ்டாண்டு, சாய்வு எல்லாம் விற்கிறவரே சொல்லிவிடுவார். எனக்குச் சொல்ல இருப்பது வேறு இரண்டு விஷயங்கள்: ஒன்றுக்காக இந்தப் போர்டை நெஞ்சார விரும்புகிறேன், இன்னொன்றுக்காக இன்றைக்கும் கோபப்படுகிறேன்.

முதலில் பாருக்கு உரிய மரியாதை. ஒன்-பாயிண்ட் என்றால் நம்மைவிட்டு விலகி ஆழத்துக்குப் போகும் கோடுகள் எல்லாம் மறையும் புள்ளி என்கிற ஒரே புள்ளியில் சேரும்படி வரைவது. அதில் நமக்கு நேர் எதிரே நிற்கும் எதுவும் சாயாது. பின்சுவர், அலமாரியின் முகப்பு, மேசையின் முன்விளிம்பு எல்லாவற்றிலும் கிடைக்கோடு கிடையாகவே இருக்கும், நிலைக்கோடு நிலையாகவே இருக்கும். அதனால் ஓர் அறைப்படத்தின் கோடுகளில் பெரும்பகுதியைப் பாரும் அதன்மேல் நிற்கும் செட் ஸ்கொயருமே போட்டுக் கொடுத்துவிடும். மறையும் புள்ளி இரண்டு உள்ள டூ-பாயிண்ட் வரைந்தால் பார் பெரும்பாலும் செட் ஸ்கொயருக்கு அடித்தளமாக மட்டுமே இருக்கும். இங்கே அது முழு நேரமும் உழைக்கிறது. ஆனால் ஒயர் ஒரு பக்கம் தளர்ந்தால் போச்சு. பார் ஒரு மில்லிமீட்டர் சாய்ந்தாலே பின்சுவரின் அடிக்கோடும் மேல்கோடும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது, அறையே ஒரு பக்கம் இறங்கியதுபோலத் தெரியும். ஒயர் மாற்றிய பிறகு பாரை மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை நிறுத்தி, இரண்டு முனைகளிலும் போர்டின் விளிம்பிலிருந்து அளந்து பாருங்கள். நான்கு அளவுகளும் ஜோடி ஜோடியாக ஒத்து வந்தால் போதும். நைவது பெரும்பாலும் மூலைக் கப்பியில் வளையும் இடத்தில்தான், அங்கே ஓர் இழை பிரிந்தவுடனே மாற்றிவிடுவது நல்லது.

இப்போது எனக்குப் பிடித்த விஷயம்: குண்டூசி. மறையும் புள்ளியில் ஓர் ஊசியைக் குத்தி, ஸ்கேலின் விளிம்பை அதன்மேல் சாய்த்து, இன்னொரு முனையை மட்டும் நகர்த்திக்கொண்டே போவது. பின்சுவரின் நான்கு மூலைகள், தரை ஓடுகளின் கோடுகள், ஜன்னலின் மேல்விளிம்பு என ஒவ்வொன்றுக்கும் இரண்டு புள்ளிகளைப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு முனையை ஊசி பிடித்துக்கொள்கிறது, கண் மறுமுனையில் மட்டும் இருந்தால் போதும். கை ஒரு தாளத்துக்கு வந்துவிடும். என் போர்டின் மேல் ஒட்டியிருக்கும் வினைல் விரிப்பில் ஊசியை எடுத்தவுடன் துளை மெல்ல மூடிக்கொள்கிறது. இத்தனை வருடங்களுக்குப் பிறகும் மேல்பரப்பில் பள்ளம் இல்லை. வெறும் மரப்பலகையாக இருந்தால் நடுப்பகுதி எப்போதோ சல்லடையாகியிருக்கும்.

ஊசி மெல்லியதாக இருக்க வேண்டும், துணி தைக்கிற ஊசியே போதும். நோட்டீஸ் குத்தும் தடித்த பின் வேண்டாம். ஸ்கேல் ஊசியின் பக்கவாட்டில்தான் சாய்கிறது, நடுவில் இல்லை. தண்டு தடிமனாக இருந்தால் கோடுகள் புள்ளிக்குப் போகாமல் அதைச் சுற்றியுள்ள ஒரு சிறு வட்டத்தைத் தொட்டுக்கொண்டு போகும். இடச்சுவருக்கு ஒரு பக்கமும் வலச்சுவருக்கு மறுபக்கமும் ஸ்கேலை வைத்தால் அந்தப் பிசகு இரண்டு மடங்காகும். அப்புறம், கோட்டை ஊசி வரை இழுக்க வேண்டாம். பின்சுவர் வந்ததும் நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் படத்தின் நடுவே பென்சில் கரி அப்பிக்கொள்ளும்.

இந்த ஊசி வழக்கம் மிகப் பழையது. 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீரின் அறைக்காட்சிகள் பலவற்றில், மறையும் புள்ளி இருக்கும் இடத்தில் ஊசித்துளை கண்டுபிடித்திருக்கிறார்கள். ஊசியில் கட்டிய நூலில் சுண்ணம் தேய்த்து, இழுத்துத் தெறிக்கவிட்டுக் கோடு பதித்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. 1490களில் லியொனார்டோ மிலானில் வரைந்த கடைசி இராவுணவுச் சுவரோவியத்திலும் இயேசுவின் வலது நெற்றிப்பொட்டருகே ஆணி அடித்த துளை இருக்கிறது. அந்தக் கூடத்தின் சுவர்க்கோடுகள் எல்லாம் அங்கேதான் போய்ச் சேர்கின்றன. இதைப் படித்த நாளிலிருந்து ஊசி குத்தும்போதெல்லாம் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

சரி, கோபத்துக்கு வருகிறேன். ஒன்-பாயிண்டில் ஊசியும் பாரும் தீர்த்துவைப்பதெல்லாம் சுலபமான பாதி. கஷ்டமான பாதி ஆழம்: சதுர ஓடு தரையில் எவ்வளவு நசுங்கித் தெரிய வேண்டும், பின்சுவர் எங்கே வர வேண்டும் என்பது. அதை முடிவு செய்வது பார்ப்பவர் நிற்கும் தூரம். 1435இல் இத்தாலிய அறிஞர் ஆல்பர்ட்டி இந்தப் பெர்ஸ்பெக்டிவ் முறையை எழுதிவைத்தபோதே கண்ணுக்கும் படத்துக்கும் உள்ள தூரத்தைத் தனியாக முடிவு செய்யத்தான் சொன்னார். அந்தத் தூரத்தைக் கண்மட்டக் கோட்டில் (பார்ப்பவரின் கண் உயரத்தில் போடும் கிடைக்கோடு), மறையும் புள்ளியிலிருந்து பக்கவாட்டில் அளந்து குறித்தால் அதுதான் தூரப்புள்ளி. தரையில் 45 டிகிரியில் ஓடும் மூலைவிட்டங்கள் எல்லாம் அங்கே போய்ச் சேரும்.

ஓர் அறையை எடுத்துக்கொள்வோம்: 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம், 5 மீட்டர் ஆழம். கண்மட்டம் ஒன்றரை மீட்டர், மறையும் புள்ளி நட்டநடுவில். 1:10 அளவில் அறையின் முன்திறப்பு 40 செ.மீ.க்கு 30 செ.மீ. ஏ2 தாளில் அழகாக உட்காரும். பார்ப்பவர் 5 மீட்டர் தள்ளி நிற்கிறார் என்றால் முன்மூலைகள் பார்வை அச்சிலிருந்து (கண்ணிலிருந்து நேர் எதிரே போகும் கோடு) சுமார் 27 டிகிரியில் வரும். கண்ணிலிருந்து விரியும் பார்வைக் கூம்பு மொத்தம் 60 டிகிரிக்குள் இருக்க வேண்டும், அதாவது ஒரு பக்கம் 30 என்பது வழக்கம். ஆக 5 மீட்டர் நல்ல தூரம். பின்சுவர் முன்திறப்பில் சரியாகப் பாதியாக வரும். ஆனால் அந்த 5 மீட்டர், தாளில் 50 செ.மீ. என் போர்டின் மொத்த அகலம் 65. நடுவிலிருந்து விளிம்புக்கு 32.5 செ.மீ.தான். தூரப்புள்ளி போர்டுக்கு வெளியே, காற்றில் நிற்கிறது!

இதற்குப் பலரும் செய்வது, புள்ளியைப் போர்டுக்குள் இழுத்துக்கொள்வது. 25 செ.மீ.யில் வைத்துவிடுவார்கள். அப்படியென்றால் பார்ப்பவர் இரண்டரை மீட்டரில் வந்து நிற்கிறார், முன்மூலைகள் 45 டிகிரிக்குப் போய்விடுகின்றன. அரை மீட்டர் ஓடுகளின் முதல் வரிசை 5 மீட்டர் தூரத்தில் 1.4 செ.மீ. உயரம் வர வேண்டியது, இங்கே 2.5 செ.மீ. ஆகிவிடும். கடைசி வரிசையோ இரண்டிலும் கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர்தான். முன்னால் இழுத்த ரப்பர் மாதிரி நீண்டு, பின்னால் அப்படியே இருக்கும். பின்சுவர் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்க, அறை சுரங்கப்பாதையாகிவிடும். முன்னால் ஒரு நாற்காலி போட்டால் அதன் இருக்கை பெஞ்சு அளவுக்கு நீளும். மாணவர்களின் அறைப்படங்களில் இந்தச் சுரங்கத்தை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கோடு சுத்தம், நிழல் சுத்தம், அறை மட்டும் பொய். பார்ப்பவர் எங்கே நிற்க வேண்டும் என்பதைப் போர்டின் அகலம் முடிவு செய்துவிடுகிறது, வரைகிறவருக்கு அது தெரிவதுகூட இல்லை. இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மறையும் புள்ளியைப் பக்கவாட்டில் நகர்த்தினால் நிலைமை இன்னும் மோசம். இடச்சுவரிலிருந்து 1.2 மீட்டரில் வைத்தால் வலது மூலை 32 டிகிரியைத் தாண்டுகிறது. இன்னும் பின்னால் போய் நிற்க வேண்டும், புள்ளி இன்னும் வெளியே போகும்.

சாதாப் பலகையாக இருந்தால் பக்கத்தில் அதே கனத்தில் இன்னொரு பலகையை வைத்து, அதில் டேப் ஒட்டிப் புள்ளியைக் குறித்துவிடலாம். இந்தப் போர்டில் அதுவும் நடக்காது. ஒயர் ஓடும் பக்க விளிம்பும் மூலைக் கப்பி மூடிகளும் சற்றே மேலே துருத்திக்கொண்டிருக்கின்றன. நீளமான ஸ்கேலை வெளியே நீட்டினால் அந்த விளிம்பில் ஏறித் தாளைவிட்டு எழும்பிவிடும். வேகமாகக் கோடு போடும் நேரத்தில் ஸ்கேலுக்கு அடியில் பென்சில் நழுவும்போது வருகிற எரிச்சல் இருக்கிறதே! வடிவமைத்தவர்கள் ஒரே ஓர் அறையை வரைந்து பார்த்திருந்தால்கூட அந்த மூடிகளைத் தட்டையாக்கியிருப்பார்கள்.

நான் இப்போது செய்வது அரைத்தூர முறை. தூரப்புள்ளியைப் பாதித் தூரத்தில், 25 செ.மீ.யில் குறிக்கிறேன். தரைக்கோட்டில், அதாவது முன்திறப்பின் அடிவிளிம்பில், ஆழத்துக்காக அளக்கும் அளவுகளையும் பாதியாக்கிவிடுகிறேன். 5 செ.மீ. ஓட்டுக்கு 2.5, அடுத்ததற்கு 5, அப்படியே. இரண்டும் சேர்ந்து பாதியாவதால் அங்கிருந்து இந்தப் புள்ளிக்கு இழுக்கும் கோடுகள், மறையும் புள்ளிக்குப் போகும் கோட்டை வெட்டும் இடம் துளிகூட மாறாது, முதல் வரிசை அதே 1.4 செ.மீ.யில் வந்து நிற்கும். அகலத்துக்கான அளவுகளை மட்டும் பாதியாக்கக் கூடாது. இதைக் கற்றுக்கொண்ட பிறகு போர்டோடு சண்டை குறைந்தது, தீரவில்லை.

டேப்லெட்டில் இந்தத் தொல்லை இல்லை என்பதை நியாயமாகச் சொல்லியாக வேண்டும். திரையைச் சுருக்கிப் புள்ளியைப் படத்துக்கு வெளியே எவ்வளவு தூரமும் கொண்டுபோகலாம். ஆனால் வழிகாட்டிக் கோடுகள் மறையும் புள்ளிக்கு மட்டும் போனால், ஆழத்தை அங்கேயும் நாமேதான் கணக்கிட வேண்டும். ஊசியில் சாயும் ஸ்கேல் தரும் அந்தத் தாளமும் அதில் கிடைக்காது.

ஆக, பார் அருமை, மேல்விரிப்பு அருமை, ஊசி அருமையோ அருமை. இருந்தும் இன்று என் பதில்: வாங்க வேண்டாம். விலை இன்னும் இறங்கினாலும் வேண்டாம். விளிம்பு மட்டமாக உள்ள சாதாப் பலகை, ஒரு டி-ஸ்கொயர் (ஆங்கில T வடிவ ஸ்கேல்), நீளமான ஸ்டீல் ஸ்கேல், ஓர் ஊசி போதும். ஏ1 போர்டு வாங்கினால் சரியாகிவிடுமா என்று யாராவது கேட்டால், அந்தத் தாளின் அகலம் 84.1 செ.மீ., பாதி 42. 50 செ.மீ. அதற்கும் வெளியேதான். என்னுடையதை விற்கிறேனா என்று கேட்க வேண்டாம், விற்கமாட்டேன். ஒயர் இப்போதுதான் மாற்றியிருக்கிறேன், பார் வெண்ணெய்போல ஓடுகிறது.