தோட்டா உள்ள போச்சுன்னா சேம்பர் சரின்னு நம்பிடாதீங்க

மலேசியாவுல நிபோங் திபால் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் செம்பனை இருக்கு, காட்டுப்பன்னி தொல்லைக்காக லைசன்ஸ் எடுத்து ஒரு பழைய துப்பாக்கி வெச்சிருக்கேன், இங்கிலாந்து சாமான், 12 போர், ஒத்தக்குழல், ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான். பேரல் அடியில 2½னு குத்தியிருக்கும், அதாவது சேம்பர், பேரல்ல தோட்டா உக்கார்ற குழி, ரெண்டரை அங்குலம், 65 மில்லின்னு கணக்கு. கடையில கைக்குக் கிடைக்கிறதோ 70 மில்லி தோட்டா.

சரி, சேம்பரை 70க்கு நீட்டிடலாம்னு டவுன்ல ஒரு கடையில குடுத்தேன், பேர் போடல. ரெண்டு வாரம்னாங்க, ரெண்டு மாசம் ஆச்சு. 900 வெள்ளி (ரிங்கிட்). ரசீதுல வெறும் சர்வீஸ்னு எழுதிக் குடுத்தப்பவே நான் முழிச்சிருக்கணும். கடைப்பையன் என் கண்ணு முன்னாடி ஒரு 70 தோட்டாவைப் போட்டு மூடி, "பாத்தீங்களா அங்கிள், எவ்ளோ ஸ்மூத்தா போகுது"ன்னான், நானும் தலையாட்டிட்டு வந்துட்டேன்.

ஏமாந்தது அங்கதான். 70ங்கிறது சுட்டு முடிச்ச தோட்டாவோட நீளம்ங்க. சுடாதப்ப வாய் மடிஞ்சிருக்கும், 58, 60 மில்லிதான் வரும், 65 சேம்பர்லயும் ஜம்முனு உக்காரும். சுட்டதும் மடிப்பு விரியும், விரிய இடமில்லாம முன்னாடி குறுகிப் போற பகுதிக்குள்ள போய் அடைக்கும், ஈயக் குண்டெல்லாம் அந்தச் சந்துல பிதுங்கிப் போகணும், பிரஷர் எகிறிடும்.

முத வெடிக்கே தோள்பட்டை கழண்டுச்சோன்னு நெனச்சேன். காலித் தோட்டா வெளிய வரல, முன்னாடி வழியா குச்சி விட்டுத் தட்டித்தான் எடுத்தேன், வாய் பூரா நார் நாரா பிஞ்சிருந்துச்சு. மூணு சுட்டேன், மூணும் அப்படியே.

மச்சான் பிறை டவுன்ல ஃபிட்டர். துப்பாக்கியைப் பட்டறைக்கெல்லாம் தூக்கிட்டுப் போக முடியாது, 1960 ஆம்ஸ் ஆக்ட் சும்மா விடாது, அதனால அவர் அளவா ஒரு பித்தளை வட்டு மட்டும் கடைஞ்சு வீட்டுக்கு எடுத்துட்டு வந்தார். உள்ள விட்டா, குறுகல் ஆரம்பிக்கிற இடத்துல, 65ல டக்குனு நின்னுச்சு. ஒரு மில்லி கூட நீட்டல! பாலிஷ் மட்டும் போட்டுப் பளபளன்னு வெச்சிருக்கானுங்க.

நெசமாவே நீட்டியிருந்தாலும் வம்புதான்னு பின்னாடிதான் புரிஞ்சுது. இரும்பைச் சுரண்டினா சுவர் மெலிசாகும்ல, அதான் இங்கிலாந்துல சேம்பரை நீட்டினா திரும்ப ப்ரூஃப் ஹவுஸுக்கு அனுப்பணும், அங்க ஓவர் லோடு வெச்சு வெடிச்சுப் பாத்துதான் முத்திரை குத்துவாங்க, பர்மிங்காம்ல 1813லேர்ந்து இதே வேலையா ஒரு ஆபீஸே இருக்கு. இவங்க அதைப் பத்தி மூச்சே விடல. என் பேரல் வயசுக்கு, சுரண்டாம விட்டதே புண்ணியம்னு மச்சான் சிரிக்கிறார், எனக்கு சிரிப்பு வரல.

போன் போட்டுக் கேட்டா, "தோட்டா உள்ள போகுதுல்ல அங்கிள், அப்புறம் என்ன?"

யாராச்சும் இந்த வேலைக்குக் குடுக்கிறதா இருந்தா முன்ன எவ்ளோ, பின்ன எவ்ளோன்னு மில்லி கணக்கா ரசீதுலயே எழுதி வாங்குங்க, எழுத மாட்டேன்னா பேரலைத் திருப்பி வாங்கிட்டு வந்துடுங்க. என்னுது இப்ப இரும்புப் பெட்டிக்குள்ள கிடக்கு. நேத்து ராத்திரியும் பன்னி வந்து நாலு கன்னைத் தோண்டிப் போட்டுட்டுப் போயிருக்கு.