விபத்துப் பதிவு: புத்தகமா, எக்செல்லா, ஆப்பா?

இரவு ஷிஃப்ட், மணி இரண்டேகால். தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பவர் பிரஸ் மெஷினில் ஒருவருக்கு விரல் நசுங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாயிற்று. சரி, இதை எங்கே எழுதுவது?

பழைய வழி, தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யின் விதிகள் சொல்லும் படிவம் 11, அதாவது விபத்துப் புத்தகம். பலர் இதை வெறும் சடங்காக நினைக்கிறார்கள். அதன் கட்டங்களைப் படித்துப் பார்த்தால் அப்படித் தோன்றாது. அடிபட்ட நேரத்தில் அவர் சரியாக என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஒரு கட்டம் கேட்கிறது. தகவல் சொன்னவரின் கையெழுத்து அல்லது கைநாட்டு வேண்டும். இரண்டு சாட்சிகளின் பெயரும் வேண்டும். கடைசிப் பதிவிலிருந்து 5 ஆண்டு புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பக்க எண் போட்டுத் தைத்த புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்தால் உடனே தெரிந்துவிடும். குறை, எழுதுகிறவரிடம் இருக்கிறது. “கையில் அடி” என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுகிற சூப்பர்வைசர் எல்லா ஊரிலும் உண்டு.

எக்செல் கூட்டல் கழித்தலுக்குக் கெட்டிக்காரன். ஆறு மாதப் பதிவை வரிசைப்படுத்தினால், பாதி விபத்து பிரஸ்ஸின் அச்சை (டை) மாற்றும்போதுதான் நடக்கிறது என்பது பளிச்சென்று தெரியும். புத்தகத்தைப் புரட்டி இதைக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். ஆனால் எக்செல்லை மட்டும் நம்புவதில் எனக்கு உடன்பாடில்லை. நான் வேலை பார்த்த ஓரிடத்தில் தணிக்கைக்கு முந்தைய வாரம் ‘இழந்த நாட்கள்’ கட்டத்தில் 3 இருந்தது 1 ஆகிவிட்டது. யார் மாற்றினார்கள் என்பதற்குத் தடயமே இல்லை. ஏன் 1? காயம்பட்டவர் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாவிட்டால் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்றது 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 88ஆம் பிரிவு. அதன் இடத்துக்கு வந்திருக்கும் 2020ஆம் ஆண்டுப் பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதே கணக்கைத்தான் வைத்திருக்கிறது. கட்டுப்போட்ட கையோடு ஆளைக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைப்பதும் இதே கணக்குக்காகத்தான்.

மொபைல் ஆப் ஜெயிக்கிற இடம் வேறு. கை உள்ளே போகாமல் காக்கும் தடுப்பைக் கழற்றிவிட்டு மெஷின் ஓட்டுவது, சென்சாரை ஒயர் போட்டு ஏமாற்றுவது போன்ற விதிமீறல்களுக்கு விபத்துப் புத்தகத்தில் கட்டமே கிடையாது. யாருக்காவது அடிபட்டால்தான் அது வாயைத் திறக்கும். ஆப்பில் ஒரு படம் எடுத்தால் நேரமும் பதிவாகும், யார் சரிசெய்ய வேண்டும் என்றும் குறித்துவிடலாம். பிரச்சினை, காண்டிராக்ட் ஆளுக்கு லாகின் இருக்காது. பல பட்டறைகளில் உள்ளே போனுக்கே தடை. (வாட்ஸ்ஆப் குழுவை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அங்கே போட்ட படம் ‘குட் மார்னிங்’ ரோஜாக்களுக்கு அடியில் போய்விடும்.)

ஐம்பது அறுபது பேர் வேலை செய்யும் இடம் என்றால் புத்தகத்தைத்தான் முதலில் சொல்வேன். மாதக் கடைசியில் அதைப் பார்த்து எக்செல்லில் ஏற்றலாம். முரண்பாடு வந்தால் புத்தகம் சொல்வதே கணக்கு. விதிமீறலுக்குத் தனியாக ஒரு நோட்டு போதும். நான்கைந்து யூனிட் வைத்திருப்பவர்கள் ஆப்புக்குச் செலவழிக்கலாம். வாங்குமுன் ஒன்றை மட்டும் கேளுங்கள்: பதிவைத் திருத்தினால் பழையதும் திருத்தியவர் பெயரும் அதில் நிற்குமா?

அப்புறம், புத்தகத்தை முதலுதவிப் பெட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள். ஹெச்.ஆர். பீரோவில் வைத்துப் பூட்டினால், இரவு இரண்டேகாலுக்குச் சாவி யாரிடம் இருக்கும்?