பரணில் கிடந்த ரெக்கார்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற: எந்த வழி யாருக்கு?

பழைய ரெக்கார்டுப் பெட்டி கீழே இறங்கியதும் பிளேயர் வாங்க ஓடாதீர்கள். முதலில் தட்டுகளைப் பிரித்து அடுக்குங்கள்: 12 அங்குல எல்பி (நிமிடத்துக்கு 33⅓ சுற்று), 7 அங்குல இபி (பெரும்பாலும் 45 சுற்று), பழைய 10 அங்குல 78 சுற்றுத் தட்டு. எந்தக் கருவி வேண்டும் என்பதை இந்த மூன்று அடுக்குகளின் உயரமே சொல்லிவிடும். 78 தட்டு அரக்கு கலந்து செய்தது. கையில் எடுத்தால் கனக்கும், விழுந்தால் கண்ணாடி போல உடையும். அதன் பள்ளமும் அகலம்.

அடுத்து, பதியவே தேவையில்லாதவற்றை ஒதுக்குங்கள். எச்எம்வி வெளியிட்ட பிரபலமான சினிமா பாட்டுகள் பலவற்றைச் சரிகம நிறுவனமே இணையத்தில் வைத்திருக்கிறது. நாற்பது வருடம் தேய்ந்த இபியிலிருந்து எடுப்பது அதைவிட நன்றாக வராது. கதை வசனத் தட்டுகள், ஹரிகதை, நாடகம், மேடைப் பேச்சு, சின்ன நிறுவனங்கள் வெளியிட்ட கச்சேரி, பக்திப் பாடல் போன்றவைதான் வேறெங்கும் கிடைக்காமல் போகக்கூடியவை. உங்கள் நேரம் அவற்றுக்குப் போகட்டும். ஒரு எல்பி சுமார் 40 நிமிடம் ஓடும், பதிவும் அதே 40 நிமிடம்தான், வேகப்படுத்த வழியில்லை. 100 எல்பி என்றால் கழுவுவது, வெட்டிப் பெயரிடுவது எல்லாம் போக 66 மணி நேரம் ஓட்டவே ஆகும்.

சூட்கேஸ் பிளேயரும் வீட்டுப் பழைய பிளேயரும்

ஸ்பீக்கரோடு பெட்டி வடிவில் வரும் புது மலிவு பிளேயர்களில் பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ்தான் (கார்ட்ரிட்ஜ் என்பது முள்ளைப் பிடித்து அதன் அதிர்வை மின்சாரமாக்கும் சின்னத் துண்டு). முள் 5 கிராம் அளவுக்கு அழுத்தும், அதைக் குறைக்கத் திருகும் இருக்காது. அழகுக்கு வாங்கலாம், பதிவுக்கு வேண்டாம்.

வீட்டிலேயே பழைய பிளேயர் இருந்தால்? ஓடும் நிலையில் இருந்தாலும் அவசரப்பட்டு முள்ளை இறக்காதீர்கள். அந்தக் காலத்து கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜில் இருக்கும் ரோஷெல் உப்பு ஈரத்தில் கெட்டுப்போகும். சென்னைக் காற்றில் பல வருடம் சும்மா கிடந்தது உயிரோடு இருந்தால் அதிசயம்தான். பெல்ட் வைத்த மாடல் என்றால் ரப்பர் தளர்ந்து சுருதி அலையும். கார்ட்ரிட்ஜ் வேலை செய்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு: அதற்கு 1 மெகா ஓம் அளவுக்கு உள்ளீட்டு மின்தடை வேண்டும். கம்ப்யூட்டரின் சாதாரண லைன்-இன்னில் (ஒலி உள்ளீட்டுத் துளை) நேராகச் சொருகினால் பேஸ் காணாமல் போய்ப் பாட்டு தகரத்தில் தட்டியதுபோல ஒலிக்கும். இவற்றில் ஒரு நல்ல விஷயமும் உண்டு. சில மாடல்களில் சின்ன நெம்புகோலைத் திருப்பினால் எல்பி முள் போய் 78 முள் வரும்.

யுஎஸ்பி டர்ன்டேபிள்

பெட்டியில் எல்பியும் இபியும் மட்டும்தான் என்றால் இதுவே போதும். ஆடியோ-டெக்னிகா ஏடி-எல்பி60எக்ஸ்யுஎஸ்பி போன்றதில் பிரீஆம்ப் (கார்ட்ரிட்ஜின் மெல்லிய சிக்னலை உயர்த்தும் சுற்று) உள்ளேயே இருக்கிறது. ஒரு கேபிளை லேப்டாப்பில் சொருகி, ஆடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு சாஃப்ட்வேரில் அந்த யுஎஸ்பியை உள்ளீடாகத் தேர்ந்தெடுத்தால் வேலை தொடங்கிவிடும். கையால் முள்ளை வைக்க நடுங்குபவர்களுக்கு பட்டனை அழுத்தினால் கை தானாகவே இறங்குவது பெரிய வசதி. குறைகளும் உண்டு: அழுத்தம் சுமார் 3 கிராம், மாற்ற முடியாது, கார்ட்ரிட்ஜையும் மாற்ற முடியாது, 78 வேகமும் இல்லை.

78 தட்டை 45-இல் ஓட்டிப் பதிந்து, பிறகு சாஃப்ட்வேரில் 1.73 மடங்கு வேகமாக்கலாம் என்று சொல்வார்கள். கணக்கு சரிதான், ஒலி சரியாக வராது. பிரீஆம்ப் போடும் ஆர்ஐஏஏ திருத்தம் (தட்டில் வெட்டும்போது குறைத்த பேஸையும் கூட்டிய ட்ரெபிளையும் பழையபடி ஆக்குவது) வேகத்தைப் பார்த்து நடப்பதில்லை. மெதுவாக ஓடும்போது எல்லா அதிர்வெண்ணும் கீழே இறங்கிவிடுவதால் திருத்தம் தப்பான இடத்தில் விழும். அதைவிட முக்கியம் முள். எல்பி முள்ளின் நுனி சுமார் 0.7 மில் (ஒரு மில் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 78-க்கு 3 மில் வேண்டும். சின்ன முள் அகலப் பள்ளத்தின் அடியில் உட்கார்ந்து, சுவரில் இருக்கும் பாட்டை விட்டுவிட்டு அடியில் இருக்கும் அழுக்கை வாசிக்கும்.

தனித்தனியாகச் சேர்ப்பது

78 தட்டுகள் கணிசமாக இருந்தால் இதுதான் வழி. 33, 45, 78 மூன்று வேகமும் ஓடும் டர்ன்டேபிள் (ஏடி-எல்பி120எக்ஸ் வகை) ஒன்று, முள்ளைக் கழற்றி மாற்றும் கார்ட்ரிட்ஜ், ஃபோனோ பிரீஆம்ப், யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியை டிஜிட்டலாக்கி லேப்டாப்புக்கு அனுப்பும் பெட்டி). விஎம்95 வகைக் கார்ட்ரிட்ஜில் எல்பிக்கு 'இ' முள், 2 கிராம் அழுத்தம். 78-க்கு 'எஸ்பி' முள்ளை முன்பக்கமிருந்து சொருகினால் போதும், அழுத்தம் 5 கிராம். முள்ளை மாற்றியதும் கையின் பின்முனையில் இருக்கும் எதிர் எடையைத் திருப்பி வைக்க மறந்தால், 5 கிராமில் எல்பி தேயும், அல்லது 2 கிராமில் 78 தட்டின் மேல் முள் குதிக்கும்.

பிரீஆம்ப்பைத் தவிர்க்க முடியாது. கார்ட்ரிட்ஜ் தருவது 4 மில்லி வோல்ட் அளவுதான், அதை நூறு மடங்குக்கு மேல் உயர்த்தினால்தான் லைன் அளவுக்கு வரும். பெஹ்ரிங்கர் யுஎஃப்ஓ202 போன்ற சின்னப் பெட்டியில் பிரீஆம்ப்பும் இன்டர்ஃபேஸும் சேர்ந்தே இருக்கிறது, தொடங்க அது போதும். ஆர்சிஏ கேபிள் போன்ற உதிரிகள் ரிச்சி தெருவில் கிடைக்கும். தட்டுகளையே இன்னும் தேடுபவர்களுக்கு, 1985 தீ விபத்துக்குப் பிறகு மூர் மார்க்கெட் கடைகள் இடம் மாறிய சென்ட்ரல் பக்கத்து வளாகம் இருக்கவே இருக்கிறது.

இந்த அமைப்பில் எல்லோரும் மாட்டிக்கொள்வது 'ம்ம்ம்' என்ற 50 ஹெர்ட்ஸ் இரைச்சலில். டர்ன்டேபிளின் கிரவுண்டு ஒயரைப் பிரீஆம்ப்பின் திருகில் இறுக்குங்கள். போகவில்லையா? லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள். 'ம்ம்' இல்லாமல் 'ஸ்ர்ர்' என்று கரகரத்தால் ஃபேனின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரைச் சந்தேகியுங்கள். ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள் அல்லது அந்த 20 நிமிடம் வியர்த்துக்கொள்ளுங்கள்.

கழுவாமல் பதியாதீர்கள்

16 பிட்டா 24 பிட்டா என்ற விவாதத்தைவிட கழுவுவதில் கிடைக்கும் பலன் பெரிது. வினைல் தட்டுக்கு டிஸ்டில்டு வாட்டர் நான்கு பங்கு, ஐசோபுரொபைல் ஆல்கஹால் ஒரு பங்கு, வாசனையில்லாத சோப்புத் திரவம் ஓரிரு சொட்டு. மிருதுவான பிரஷ்ஷால் பள்ளம் போகும் திசையிலேயே வட்டமாகத் தேய்த்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரில் அலசுங்கள். 78 தட்டுக்கு ஆல்கஹால் கூடவே கூடாது, அரக்கைக் கரைத்துவிடும். போர் தண்ணீரும் வேண்டாம், காய்ந்ததும் உப்பு பள்ளத்தில் தங்கும். நடுவில் இருக்கும் லேபிளில் ஈரம் படாமல் பாருங்கள், தட்டு எண்ணும் பாடகர் பெயரும் அதில்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்த உறைகளை வெளியில் வைத்துத் தட்டுங்கள். தட்டை மட்டும் வெயிலில் காய வைக்காதீர்கள், வளைந்துவிடும்.

பதியும்போது உச்ச அளவு -6 டிபியைத் தாண்ட வேண்டாம். 24 பிட், 48 கிலோ ஹெர்ட்ஸ் போதும், நிமிடத்துக்குச் சுமார் 17 எம்பி பிடிக்கும். சேமிக்க ஃப்ளாக் (தரம் குறையாமல் சுருக்கும் ஃபைல் வகை). மோனோ தட்டானாலும் ஸ்டீரியோவில் பதிந்து, பிறகு இடது, வலது இரண்டு சேனலையும் ஒன்றாகச் சேருங்கள். முள்ளின் மேல்-கீழ் ஆட்டத்தில் வரும் கரகரப்பு அதில் கணிசமாக அடங்கும். ஒரு சேனல் அதிகம் தேய்ந்திருந்தால் நல்ல சேனலை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். 'கிளிக் நீக்கம்' மிருதங்கச் சாப்பையே கீறலாக நினைத்து வெட்டிவிடக்கூடும். இரைச்சல் குறைப்பைக் கூட்டினால் தம்புரா தண்ணீருக்குள் போய்விடும். திருத்தாத மூல ஃபைலை அழிக்காமல் வைத்திருங்கள்.

வெளியில் கொடுப்பது

இருபது தட்டுக்குள் என்றால் கருவி வாங்குவதைவிட இதுவே லாபம். கேட்க வேண்டியவை: 78-க்குத் தனி முள் இருக்கிறதா, கழுவித்தான் பதிவார்களா, திருத்தாத வேவ் (சுருக்காத) ஃபைலையும் தருவார்களா. முதலில் ஒரே ஒரு தட்டைக் கொடுத்துப் பாருங்கள். வந்த ஃபைலை ஆடாசிட்டியில் ஸ்பெக்ட்ரோகிராமாக (எந்த அதிர்வெண் எவ்வளவு என்று காட்டும் படம்) திறந்தால், 16 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் நறுக்கியது போல இருட்டாக இருந்தால் அது பெரும்பாலும் எம்பி3-யாகப் பதிந்து வேவ் பெயரில் கொடுத்தது. மிச்சத் தட்டுகளை அங்கே கொடுக்காதீர்கள்.