கூரை சோலாருக்கு எது நல்லது: நியூ ஜெர்சி கோட்டாவா, ஜெர்மனி ஃபிக்ஸட் ரேட்டா?

அமெரிக்காவுல இருக்கிற நியூ ஜெர்சில கரண்ட் விக்கிற கம்பெனிங்க எல்லாம் அவங்க விக்கிறதுல இத்தனை சதவீதம் சோலாரா இருக்கணும்னு சட்டம், குறைஞ்சா அபராதம். 2020 வரைக்கும் இருந்த பழைய ஸ்கீம்ல, கூரை பேனல் 1000 யூனிட் உற்பத்தி பண்ணா ஒரு சர்டிஃபிகேட் கிடைக்கும், அதை கம்பெனிங்க காசு குடுத்து வாங்கும். முக்கியமான விஷயம், அந்த பேனல் நியூ ஜெர்சி லைன்லயே கனெக்ட் ஆகியிருக்கணும், எங்கயோ பாலைவனத்துல போட்டு கணக்கு காட்ட முடியாது, அதனாலதான் அவ்ளோ சின்ன மாநிலத்துல அத்தனை வீட்டு கூரையில பேனல் ஏறுச்சு.

ஆனா சர்டிஃபிகேட் விலை மார்க்கெட் கையில இருந்துச்சு. 2011-ல 600 டாலருக்கு மேல போனது, எல்லாரும் ஒரே நேரத்துல பேனல் மாட்டினதும் அடுத்த வருஷமே 100 டாலருக்கு கீழ விழுந்துச்சு. அதை நம்பி லோன் போட்ட குடும்பத்தை நினைச்சா வயிறு எரியுது.

ஜெர்மனில 2000-ல வந்த சட்டப்படி, நீங்க குடுக்கிற சோலார் கரண்டுக்கு 20 வருஷத்துக்கு ஒரே ரேட், 2004-ல மாட்டின சின்ன கூரைக்கு யூனிட்டுக்கு 57.4 யூரோ சென்ட். பேங்க்காரன் கண்ணை மூடிட்டு லோன் குடுப்பான். அந்த செலவு 2022 வரைக்கும் எல்லார் கரண்ட் பில்லுலயும் ஏறுச்சு, அது உண்மைதான், இருந்தாலும் சாதாரண குடும்பம் தைரியமா இறங்கணும்னா எனக்கு ஜெர்மனி வழிதான் சரின்னு படுது. நியூ ஜெர்சியே 2020-ல அந்த பழைய ஸ்கீமை புதுசா வர்றவங்களுக்கு மூடிட்டு, நிலையான ரேட் பக்கம் வந்துடுச்சு.