யுனெஸ்கோவின் மரபுப் பட்டியல் தளம்: நலவாழ்வு மரபுகளைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு

மூச்சுப் பயிற்சி, மசாஜ், மூலிகைக் குளியல் என்று எதைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் நான் முதலில் திறப்பது யுனெஸ்கோவின் புலப்படாப் பண்பாட்டு மரபுத் தளத்தைத்தான். கட்டடம், சிலை போல இல்லாமல் பழக்கமாகவும் கலையாகவும் வாழ்கிற மரபுகளைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இந்த மரபுகளைக் காக்க யுனெஸ்கோ கொண்டுவந்த 2003 உடன்படிக்கையின் கீழ் பட்டியலில் சேர்ந்த ஒவ்வொரு மரபுக்கும் அங்கே தனிப்பக்கம் உண்டு. இலவசமாகவே பார்க்கலாம்.

பின்லாந்தின் சூட்டுக் குளியலான சவுனா (2020-ல் சேர்ந்தது) பக்கத்தைப் பாருங்கள். அந்த வலி போகும், இந்த நோய் தீரும் என்று ஆரம்பிக்கவில்லை. 55 லட்சம் பேர் வாழும் நாட்டில் 33 லட்சம் சவுனாக்கள் இருப்பதையும், சூடேறிய கற்களில் தண்ணீர் ஊற்றும்போது எழும் ஆவியையும், வீடுகளில் இந்தப் பழக்கம் அடுத்த தலைமுறைக்குப் போவதையும் சொல்கிறது. தாய்லாந்தின் மசாஜ் மரபான நுவாட் தாய் (2019) பக்கத்தில், வயல் வேலையில் உடம்பு வலித்தவர்கள் ஊரில் மசாஜ் செய்பவரைத் தேடிப் போன கதை வருகிறது. படிக்கப் படிக்க மனிதர்கள் கண்ணில் தெரிகிறார்கள். மரபைப் பற்றிப் பேச இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை. 'அற்புத மருந்து' என்று கூவி விற்கும்போது, அதைப் பல காலம் பொறுமையாகக் காத்து வந்தவர்களின் பெயரும் சேர்ந்தே கெடுகிறது.

பலரும் கவனிக்காமல் போவது, ஒரு மரபைப் பட்டியலில் சேர்க்கக் கேட்டு நாடுகள் தரும் விண்ணப்பப் படிவத்தை. உண்மையில் சரக்கு அதில்தான் இருக்கிறது. இதை யார் செய்கிறார்கள், எப்படிக் கற்றுக் கொடுக்கிறார்கள், காப்பாற்ற என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்கிறது. சம்பந்தப்பட்ட சமூகம் விவரம் தெரிந்து சம்மதித்ததற்கான சான்றும் வேண்டும். பிரசாரம் செய்ய நினைக்கிற எந்தக் குழுவும் போஸ்டர் அடிக்கும் முன் இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதிப் பார்க்கலாம். முக்கியமாக, சம்மதம் பற்றிய கேள்விக்கு.

குறை என்றால், படிவங்களின் நடைதான். அலுவலகக் கோப்பு மாதிரி இருக்கும். பெரும்பாலும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்தான் கிடைக்கின்றன என்பதால் ஊர் வைத்தியரிடம் அப்படியே நீட்ட முடியாது. அந்தப் பக்கங்களில் இருக்கும் காணொளிகளை வைத்துப் பேச்சை ஆரம்பிப்பது நல்லது.

அப்புறம் ஒன்று. சீனாவின் அக்குபஞ்சர் 2010-லும் இந்தியாவின் யோகா 2016-லும் இந்தப் பட்டியலில் சேர்ந்தன. அது பண்பாட்டுக்கான அங்கீகாரம். சிகிச்சை பலன் தரும் என்பதற்கான மருத்துவச் சான்று அல்ல. 'யுனெஸ்கோ அங்கீகரித்தது' என்று எழுதும்போது அடுத்த வரியிலேயே இதையும் எழுதிவிடுங்கள்.