படத்துக்கு ஸ்டார் போட்டா காசுன்னு மெசேஜ் வந்தா தொடவே தொடாதீங்க – எனக்கு 61,400 ரூபா போச்சு

61,400 ரூபா. முதல்லயே தொகையைச் சொல்லிடறேன். நாலு நாளா யார்கிட்டப் பேசினாலும் முதல்ல அதைத்தான் கேக்கறாங்க, கேட்டுட்டு உச்சுக் கொட்டிட்டு அவங்கவங்க வேலையைப் பாக்கப் போயிடறாங்க. எப்படிப் போச்சுன்னு முழுசா யாரும் கேக்கல. அதான் இங்க எழுதறேன். என்னெல்லாம் கவனிக்கணும்னு கடைசியில விவரமா போடறேன், கொஞ்சம் பொறுமையா படிங்க.

நான் கிருஷ்ணகிரி பக்கம். மாங்கா மண்டியில பில்லு போடற வேலை. சீசன்ல விடியக்காலமே டெம்போ வரிசை கட்டி நிக்கும். பெங்களூரா, செந்தூரான்னு மாங்கா ரகத்தைத் தனித்தனியா எடை போட்டு, கழிவு போக விவசாயிக்கு எவ்வளவுன்னு சீட்டு எழுதறது நான்தான். ஒரு டெம்போ லோடுல இருபது கிலோ தப்பா ஏறியிருந்தாலும் கண்டுபிடிச்சிடுவேன்னு முதலாளியே நாலு பேர்கிட்டச் சொல்லுவாரு. பெருமைக்குச் சொல்லல. கணக்குத் தெரியாத பொம்பளை ஏமாந்துட்டான்னு யாரும் கமெண்ட் போட வேணாம்னுதான் சொல்றேன்.

வீட்டுக்காரர் ஓசூர், பெங்களூரு பக்கம் லாரி ஓட்டறார். வாரத்துல மூணு ராத்திரி வீட்ல இருக்க மாட்டார். பிள்ளைங்க தூங்கினதும் காதுல ஹெட்செட் மாட்டிக்கிட்டுப் படம் பாக்கறதுதான் என்னோட ஒரே பொழுதுபோக்கு. பேய்ப்படம், இல்லைன்னா கொலைகாரனைத் தேடற படம். வேற எதுவும் ஓடாது எனக்கு. பாத்து முடிச்சதும் ஒரு சினிமா குரூப்புல நாலு வரி எழுதிப் போடுவேன். பெரிய விமர்சனமெல்லாம் இல்லைங்க. 'பிரமயுகம்' பாத்துட்டு, 2024-ல வந்த படம் மொத்தமும் கறுப்பு வெள்ளை, பாழடைஞ்ச ஒரு வீடு, விரல் விட்டு எண்ற ஆளுங்க, மம்மூட்டி சிரிக்கிற சிரிப்பு, பயமுறுத்த இதுக்கு மேல என்ன வேணும்னு எழுதினேன். 'டிமான்டி காலனி' 2015-ல வந்தப்போ நாலு பசங்க ஒரு ரூமுக்குள்ள மாட்டிக்கிட்டுத் தவிச்சாங்க, நமக்கும் மூச்சு முட்டுச்சு. 2024-ல வந்த ரெண்டாம் பாகத்துல அருள்நிதிக்கு ரெட்டை வேஷம், கதையும் எங்கெங்கயோ போகுது. "கதை பெருசாச்சு, பயம் சின்னதாச்சு"ன்னு போட்டேன். முப்பது பேர் லைக் போட்டாங்க. அந்த வரிதான் எனக்கு வினையாச்சு.

போன புதன்கிழமை மதியம் மெசேஜ் ஆப்புல ஒரு பொண்ணு பேசினா. போட்டோவுல கழுத்துல அடையாள அட்டை, பின்னாடி கம்ப்யூட்டர். "சிஸ்டர், கதை பெருசாச்சு பயம் சின்னதாச்சுன்னு எழுதினது நீங்கதானே? எங்க டீம்ல எல்லாரும் படிச்சோம்"னு ஆரம்பிச்சா. படங்களுக்கு ஆன்லைன்ல ரேட்டிங் ஏத்திக் கொடுக்கிற கம்பெனியாம். ஒரு படத்துக்கு ஸ்டார் போட்டா 50 ரூபா, ஒரு நாளைக்கு மூணு படம். நான் பதில் போடல. இந்த மாதிரி மெசேஜ் எல்லாருக்கும்தான் வருது, எனக்குத் தெரியாதா?

சாயந்திரம் மறுபடி வந்தா. காசைப் பத்திப் பேசவே இல்ல. "'போர் தொழில்' பாத்தீங்களா சிஸ்டர்? சரத்குமார் பிடிச்சுதா, அசோக் செல்வன் பிடிச்சுதா?"ன்னு கேட்டா.

இங்கதாங்க விழுந்தேன். இருபது வரி டைப் பண்ணினேன். அனுபவத்தை மட்டும் நம்பற பெரிய அதிகாரி, புத்தகத்துல படிச்சதை மட்டும் நம்பற பயந்தாங்கொள்ளி சின்ன அதிகாரி, ரெண்டு பேரும் மொறைச்சுக்கிட்டே ஒருத்தரை ஒருத்தர் புரிஞ்சுக்கிறதுதான் அந்தப் படமே, கொலைகாரன் யாருங்கிறது அதுக்கப்புறம்தான்னு எழுதினேன். அவ "சூப்பர் சிஸ்டர், நீங்க இந்த வேலைக்குன்னே பொறந்தவங்க"ன்னா. கல்யாணமாகி பதினோரு வருஷத்துல நான் பாத்த படம் எப்படி இருந்துச்சுன்னு ஒரு ஆளு என்னைக் கேட்டதில்ல. எங்க வீட்டுக்காரர் டைட்டில் முடியறதுக்குள்ள குறட்டை விடுவார். இவ கேட்டா. கேட்டதோட நிக்காம மேல மேல கேட்டா. காசு ஆசையில விழுந்தேன்னு எல்லாரும் சொல்றாங்க, பாதிதான் உண்மை.

வியாழன் மூணு படத்துக்கு ஸ்டார் போட்டேன், 150 ரூபா அக்கவுண்ட்ல வந்துச்சு. வெள்ளி இன்னொரு 150. நிஜமாவே வந்துச்சு, பேங்க் மெசேஜோட. அப்புறம் "பிரீபெய்டு டாஸ்க்"னு ஒண்ணு, 1,000 ரூபா கட்டினா 1,300-ஆ திரும்பும்னா. கட்டினேன், அரை மணி நேரத்துல 1,300 வந்துச்சு. ஒரு குரூப்புலயும் சேத்து விட்டா. அதுல நாப்பது பேர், ஆளாளுக்கு "எனக்கு 8,000 வந்துச்சு", "எனக்கு 22,000 வந்துச்சு"ன்னு ஸ்கிரீன்ஷாட் போட்டுக்கிட்டே இருந்தாங்க. ஒரு அக்கா பாலக்கோடுன்னு சொன்னாங்க. பையனுக்கு ஸ்கூல் பீஸ் கட்டிட்டாங்களாம். நம்ம பக்கம்தானேன்னு ஆசையா "பாலக்கோட்டுல எங்கக்கா?"ன்னு கேட்டேன். "பஸ் ஸ்டாண்டு பக்கம்"னாங்க. பஸ் ஸ்டாண்டு எந்த ஊர்லதான் இல்ல! அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும். அந்த நாப்பது பேரும் அவங்க ஆளுங்கதான்னு இப்பத் தெரியுது.

சனிக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்கு 5,000 கட்டினேன். அவங்க வெப்சைட்ல என் பேருக்குக் கீழ 6,900-ன்னு பச்சை எழுத்துல காட்டுச்சு. எடுக்கப் போனா முடியல. "உங்களுக்கு காம்போ விழுந்திருக்கு, அதிர்ஷ்டம் சிஸ்டர், மூணு படம் சேர்ந்து வரும், கமிஷன் பத்து மடங்கு"ன்னா. அடுத்த நிமிஷம் பச்சை சிவப்பாச்சு, மைனஸ் 12,800. அதைக் கட்டினாத்தான் முந்தின காசும் வெளிய வருமாம். சீட்டு எடுத்து வெச்சிருந்த 50,000 அக்கவுண்ட்ல இருந்துச்சு. எங்கம்மாவோட கம்மலும் என் செயினும் அடகுல இருக்கு, திங்கக்கிழமை மீக்கறதா இருந்தேன். அதுல இருந்து 12,800 அனுப்பினேன்.

இப்ப வர்றதைக் கேளுங்க. காம்போவுல மூணாவதா ஒரு பேய்ப்படம். நான் பாத்த படம்தான். பாதிப் படம் வரைக்கும் கதவு தானா சாத்துது, பாட்டி முழிக்கிறா, மீதிப் படம் பேய்க்கு அழுவாச்சி பிளாஷ்பேக். அதுக்கு மனசாட்சியோட மூணு ஸ்டார் போட்டேன். உடனே ஸ்கிரீன் உறைஞ்சு போச்சு. அவ பதறின மாதிரி எழுதறா: "ஐயோ சிஸ்டர், அஞ்சு ஸ்டார்தானே போடணும்! தப்பான ரேட்டிங், ஆர்டர் கெட்டுப் போச்சு, குரூப்ல எல்லாரோட பணமும் உங்களால மாட்டிக்கிச்சு." பாலக்கோட்டு அக்கா அழுவுது, "என் பையன் பீஸுங்க"ன்னு. கட்டிட்டேன்னு அதுதானே சொல்லுச்சு? அந்த நேரத்துல எனக்கு அது தோணவே இல்ல. சரிபண்ண 28,600 கேட்டாங்க. அனுப்பினேன். என் கருத்துக்குக் காசு தர்றேன்னு வந்தவங்க, நான் உண்மையான கருத்தைச் சொன்னதுக்கு வாங்கின அபராதம் 28,600 ரூபா.

ராத்திரி பத்தரைக்கு ஸ்கிரீன்ல 94,000-ன்னு காட்டுச்சு. எடுக்கணும்னா வரி 15,000 முன்னாடியே கட்டணுமாம். வரின்னா வர்ற பணத்துல பிடிச்சுக்க வேண்டியதுதானேன்னு கேட்டேன். "கவர்ன்மென்ட் ரூல் சிஸ்டர்." சீட்டுப்பணத்துல மிச்சம் இருந்ததும் சம்பளமும் சேத்து 15,000. போச்சு.

5,000, 12,800, 28,600, 15,000. கூட்டினா 61,400. இடையில எனக்கு வந்த லாபம் 600, அதைக் கழிச்சா 60,800-ன்னு எங்க மண்டி முறைப்படி எழுதணும். நான் கழிக்க மாட்டேன். அது தூண்டில்ல குத்தின புழு.

ஒவ்வொரு தடவையும் வேற வேற யூபிஐ ஐடி கொடுத்தாங்க. ஒண்ணு ஏதோ ஜெனரல் ஸ்டோர், ஒண்ணு டிரேடர்ஸ், ரெண்டு ஹிந்திக்காரங்க பேரு. சினிமா கம்பெனிக்கு எதுக்கு மளிகைக்கடை அக்கவுண்ட்? எடைச்சீட்டுல பேரு மாறியிருந்தா டெம்போவையே திருப்பி அனுப்பறவ நான்.

ஞாயித்துக்கிழமை காலையில "கிரெடிட் ஸ்கோர் 80-க்கு இறங்கிடுச்சு, இன்னும் 20,000 கட்டுங்க"ன்னு வந்துச்சு. அக்கவுண்ட்ல 212 ரூபா இருந்துச்சு. நாத்தனாருக்குப் போன் போட்டுக் கைமாத்து கேட்டேன். எதுக்குன்னு கேட்டா. நான் சொல்லி முடிக்கக்கூட இல்ல, "அண்ணி, போனைக் கீழ வைங்க. ஒரு பைசா அனுப்பாதீங்க. இது பிராடு"ன்னா. அவ போன வருஷம்தான் காலேஜ் முடிச்சா. பேய்ப்படம்னா கண்ணை மூடிக்குவா.

அதுக்கப்புறம் ஆரம்பிச்சுது பாருங்க அலைச்சல். அந்தப் பொண்ணுகிட்ட "என் பணத்தைக் கொடு"ன்னேன். "கம்பெனி ரூல் சிஸ்டர், பாதியில விட்டா நாங்க பொறுப்பில்ல." வெப்சைட்ல வாடிக்கையாளர் சேவைன்னு ஒரு சாட், "அன்பான பயனர், உங்கள் பணி முடியவில்லை"ன்னு அதே வரியை ஒம்பது தடவை அனுப்புச்சு. பத்தாவது தடவை பிளாக். பணம் அனுப்பின ஆப்புல புகார் போட்டேன், "பரிவர்த்தனை வெற்றிகரமாக முடிந்தது"ன்னு புகாரை மூடிட்டாங்க. வெற்றியாம்! என் வரியைப் பொறுக்கினது அந்த சினிமா குரூப்புல இருந்துதானே, அதோட அட்மின்கிட்ட எச்சரிக்கை ஒண்ணு போடுங்கன்னு கேட்டா, "இது சினிமா பேசற இடம், பர்சனல் பிரச்சனை வேணாம்"னு என் பதிவையே தூக்கிட்டார்.

திங்கக்கிழமை மண்டிக்கு லீவு சொல்லிட்டு பேங்குக்குப் போனேன். எந்த பேங்க்னு வேணாம். கவுன்டர்ல இருந்தவர் முழுசாக் கேட்டுட்டு, பக்கத்து சீட்டுக்காரரைப் பாத்து, "படத்துக்கு ஸ்டார் போட்டாங்களாம் சார்"னாரு. ரெண்டு பேரும் சிரிச்சாங்க. 'மகாராஜா' படத்துல விஜய் சேதுபதி ஸ்டேஷன்ல போய் குப்பைத்தொட்டி காணோம்னு நிப்பாரே, அப்படி நின்னேன். அவருக்காவது வேற கணக்கு இருந்துச்சு. "ஏம்மா, நீங்களே பின் போட்டு அனுப்பியிருக்கீங்க, பேங்க் என்ன பண்ணும்?"னு கேட்டார். மூணு நாளுக்குள்ள சொன்னா பணம் திரும்ப வரும்னு ரிசர்வ் பேங்க் விதி இருக்காமேன்னு கேட்டேன், நாத்தனார் தேடி எடுத்துக் கொடுத்தது. இருக்குதாம். 2017-ல வந்த விதி. ஆனா அது நமக்குத் தெரியாம வேற எவனோ எடுத்தா மட்டும். நாமளே ஏமாந்து அனுப்பினா அதுல வராதாம். சட்டப்படி அவர் சொன்னது சரியாவே இருக்கட்டும், சிரிச்சது எந்த சட்டத்துல இருக்கு?

சைபர் மோசடிக்குப் புகார் சொல்ற 1930 நம்பரைப் பத்தி அந்த ஆளும் ஒரு வார்த்தை சொல்லல. மத்தியானம் நாத்தனார்தான் சொன்னா. போன் பண்ணினேன், பொறுமையா கேட்டு எழுதிக்கிட்டாங்க, புகார் நம்பர் வந்துச்சு. "எப்ப அனுப்பினீங்க? சனிக்கிழமையா? அன்னைக்கே கூப்பிட்டிருந்தா நிறுத்தி வெச்சிருக்கலாமேம்மா"ன்னாங்க. ஞாயித்துக்கிழமையும் எடுப்பாங்களாம். நான் பேங்க் திறக்கட்டும்னு ஒரு நாள் முழுக்க உக்காந்திருந்தேன். இப்ப கடைசியா அனுப்பின 15,000-ல 2,140 ரூபா மட்டும் ஒரு அக்கவுண்ட்ல மாட்டியிருக்கு. மீதி அக்கவுண்ட் விட்டு அக்கவுண்ட் மாறிப் போயிடுச்சு.

வீட்டுக்காரர் நேத்து ராத்திரிதான் வந்தார். திட்டுவார்னு நினைச்சேன். சாப்பிட்டுட்டு, "இன்டர்வெல்லுக்கு முன்னாடியே கொலைகாரன் இவன்தான்னு சொல்றவ நீ"ன்னு மட்டும் சொல்லிட்டுத் தூங்கப் போயிட்டார். திட்டியிருந்தாலே தேவலாம். அம்மாகிட்ட இன்னும் சொல்லல. கம்மல் எங்கன்னு ரெண்டு தடவை கேட்டுடுச்சு.

கவனிக்க வேண்டியதை விவரமா எழுதறேன்னு சொன்னேன், மண்டியில இருந்து மூணு தடவை போன் வந்துடுச்சு, சுருக்கமா சொல்லிடறேன். ரேட்டிங், லைக், ஸ்டார் எதுக்கும் காசு தர்றேன்னு வந்தா பிளாக் பண்ணுங்க. முதல்ல காசு வந்துச்சுன்னு நம்பாதீங்க. வேலைக்கு நாம காசு கட்டறதுன்னு ஒண்ணு கிடையாது. பணம் போன அந்த நிமிஷமே 1930, இல்லைன்னா சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன், பேங்க் திறக்கற வரைக்கும் காத்திருக்காதீங்க. ஸ்கிரீன்ஷாட் எல்லாத்தையும் பத்திரமா வைங்க, அவங்க அந்தப் பக்கமிருந்து அழிச்சுடறாங்க, எனக்குப் பாதி போச்சு.

அந்தப் பொண்ணு போட்டோ இன்னைக்குக் காலையில வேற பேர்ல, வேற நம்பர்ல இருந்து என் நாத்தனாருக்கே வந்திருக்கு. "சிஸ்டர், நீங்க பேய்ப்படம் பாப்பீங்களா?"